விருந்தும் உறவும்: ஜாஸ் கலப்பிசை குறித்த ஒரு திறனாய்வு

வெளியூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இருவகை இசை ஒரே கூரையின்கீழ் ஒலிப்பது வழக்கமாகிவிட்டது. கூடத்தில் பெரியோர் மதுரை மணி ஐயரையோ எம்.எல். வசந்தகுமாரியையோ கேட்டுக்கொண்டிருப்பர். உள்ளறையில் பிள்ளைகள் செவியில் கருவியைப் பொருத்திக்கொண்டு வேறோர் உலகில் திளைத்திருப்பர். இவ்விரு அறைகளுக்கும் இடையே கதவு உண்டா என்று வினவினால், ‘உண்டு, அதற்குப் பெயர் ஃபியூஷன்’ என்று விடையிறுப்பார் பலர். அவ்விடை உண்மையா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஃபியூஷன் என்னும் சொல் இன்று மிகவும் மலிந்துவிட்டது. திருமண வரவேற்பில் கீபோர்டும் தவிலும் அடுத்தடுத்து ஒலித்தால் அதுவும் ஃபியூஷன். திரைப்பாடலுக்கு இடையே சிறிது மிருதங்கம் கேட்டால் அதுவும் ஃபியூஷன். ஆயின் இச்சொல் உலக இசை வரலாற்றில் நிலைபெற்றது, 1960களின் இறுதியில் அமெரிக்காவில் ஜாஸ் இசைஞர் மேற்கொண்ட ஒரு முயற்சியைச் சுட்டியே ஆகும். அம்முயற்சியில் விளைந்த இசைத்தட்டுகள் பலவற்றுள் எவற்றை முதலில் கேட்பது, எவற்றைப் பின்னர்க் கேட்பது, எவற்றைக் கேளாது விடினும் இழப்பில்லை என்று ஆர்வலர் ஒருவருக்கொருவர் பரிந்துரைப்பதும், அப்பரிந்துரைகள் பற்றி வாதிடுவதும் இன்றளவும் ஓயவில்லை. நாமும் சில தட்டுகளைப் பரிந்துரைக்க எண்ணுகின்றோம். ஆயினும் அளவுகோல் ஒன்று இல்லாத பட்டியல் கடைக்காரர் கணக்கேயன்றித் திறனாய்வு ஆகாது. ஆகவே அளவுகோலை முதற்கண் வகுத்துக்கொள்வோம்.

1. அளவுகோல்

கலப்பிசையை மதிப்பிடும் அளவுகோலை நாம் வெளியே தேட வேண்டுவதில்லை. நம் கச்சேரி மேடையிலேயே அது அமர்ந்திருக்கின்றது. வயலின் நம்முடைய கருவியன்று, ஐரோப்பியர் கொணர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்றார் என்பது இசை வரலாறு கூறும் செய்தி. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நாம் எண்ணிப் பார்க்கவும் இயலுமா?

வந்த விருந்தாளி எவ்வாறு வீட்டாரில் ஒருவர் ஆயிற்று என்பதை உற்று நோக்குவோம். ஐரோப்பியர் அதனைத் தோளிலும் மோவாயிலும் தாங்கி வாசிப்பர். நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றினர். பிடிக்கும் பொறுப்பினின்று இடக்கை விடுபட்டது. தந்தியின்மீது வழுக்கிச் செல்லும் உரிமையைப் பெற்றது. அவ்வுரிமையினின்று கமகம் பிறந்தது. ஐரோப்பிய முறையில் ஒவ்வொரு தந்தியும் அதற்கு முந்தைய தந்தியின் பஞ்சமமாக அமையும். நம்மவர் சட்ஜம், பஞ்சமம், மீண்டும் சட்ஜம், பஞ்சமம் என மாற்றி அமைத்தனர். கருவி மாறியது, அதனைப் பிடித்த உடலும் மாறியது. அதே வேளையில் வாய்ப்பாட்டுக்குப் பக்கத்துணையாக நின்ற வயலின், நம் கச்சேரியின் போக்கையும் மாற்றியது. பாடுவோர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இராகத்தின் நிழல் அறாது தொடரும் அழகு அதன் வரவால் நிறைவு பெற்றது.

இதிலிருந்து இரு வினாக்களை வகுத்துக்கொள்ளலாம். ஒன்று: இக்கூட்டுறவால் இரு தரப்பும் தத்தம் பழக்கத்தில் எதையேனும் மாற்றிக்கொண்டனவா? மற்றொன்று: ஒரு தரப்பை நீக்கிவிட்டால் அவ்விசை நிற்குமா, சரியுமா? நீக்கினும் நிற்குமாயின் அவர் விருந்தாளி; நீக்கினால் சரியுமாயின் அவர் உறவினர். விருந்தும் இனியதே. எனினும் விருந்தை உறவென்று சொல்லுதல் பிழை.

2. ஜாஸ் என்னும் இசையும் அதன் எதிர்நின்ற தடையும்

நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. கர்நாடக இசை அல்லாத எதனையும் ‘மேற்கத்திய இசை’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றோம். பீத்தோவனையும் ஜான் கோல்ட்ரேனையும் ஒரே சொல்லால் சுட்டுவது, ஒரு பெரும் வரலாற்றை மறைப்பதாகும். அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் அதனைச் சூழ்ந்தும் உருவாக்கிய இசையே ஜாஸ். மொழியும் பெயரும் பறிக்கப்பட்ட மக்கள், பறித்தவரின் கருவிகளைக் கையிலெடுத்துத் தமக்கென ஒரு கலையை ஆக்கினர். ஆகவே ஜாஸ் பிறப்பிலேயே கலப்பிசை. அதனோடு வேறொன்றைக் கலக்கப் புகுவோர் இதனை மறத்தல் ஆகாது.

ஜாஸுக்கும் நம் இசைக்கும் உள்ள உறவு மனோதர்மத்தில் இருக்கின்றது. எழுதிய சுரங்களை வாசிப்பதோடு நில்லாமல், மேடையிலேயே புதிதாகப் படைப்பது இரண்டிற்கும் பொது. ஆயின் படைக்கும் களம் வேறு. நம் வித்துவான் மாறாத ஒரு சட்ஜத்தின்மீது நின்று இராகத்தை விரிக்கின்றார். ஜாஸ் இசைஞரோ சில அடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே செல்லும் சுரக்கூட்டங்களின்மீது நடக்கின்றார். காலடியில் தரை நகர்ந்துகொண்டே இருக்க, அவர் நிலைகுலையாமல் நடப்பதே அக்கலையின் அழகு. தம்புராவை ஒலிக்கவிட்டால் அத்தரை நகர இயலாது. தரை நகர்ந்தால் தம்புரா முரணும். கலப்புக்கு நின்ற தடை இதுவே.

இத்தடையைத் தளர்த்தியது 1959இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்னும் தட்டு. சுரக்கூட்டங்களை அடிக்கடி மாற்றுவதை விடுத்து, ஒரே சுர வரிசையில் நெடுநேரம் தங்கும் முறையை அவர் அதில் கையாண்டார். அதன் முதல் உருப்படியான ‘சோ வாட்’ நம் கரகரப்பிரியாவின் சுரங்களில் தொடங்குகின்றது. பதினாறு அடிகள் அதில் நின்று, எட்டு அடிகளுக்கு அரைச்சுரம் மேலே ஏறி, மீண்டும் எட்டு அடிகளுக்குப் பழைய இடத்திற்கே திரும்புகின்றது. சுரங்கள் ஒன்றேயாயினும் அது கரகரப்பிரியா இராகம் அன்று. கமகமும் பிடிகளும் இல்லாத சுர வரிசை இராகம் ஆகாது. எனினும் ஒரே இடத்தில் தங்கி ஆழ்ந்து செல்லும் மனநிலை ஜாஸுக்கு வாய்த்துவிட்டது. அத்தட்டில் சாக்சஃபோன் வாசித்த கோல்ட்ரேன், 1961இல் ‘இந்தியா’ என்றே பெயரிட்டு ஓர் உருப்படியை நியூயார்க் மேடையில் வாசித்தார். 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார்.

கோல்ட்ரேன் 1967இல் மறைந்தார். அவர் துணைவியார் ஆலிஸ் கோல்ட்ரேன், 1971இல் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்னும் தட்டை வெளியிட்டார். அதில் குறிக்கப்படும் சுவாமி சச்சிதானந்தர் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். தம்புராவின் ஒலியின்மீது ஆலிஸின் யாழிசை இழையும் அத்தட்டில் துயரமும் ஆறுதலும் பிரித்தறிய இயலாவண்ணம் கலந்துள்ளன. ஃபியூஷன் என்ற பெயரால் அதனை யாரும் அழைப்பதில்லை எனினும், நாம் ஆராயும் தட்டுகளுக்கு அது நல்லதோர் முகவுரை எனலாம்.

3. அமைதியின் வழியே

நம் பரிந்துரையில் முதலிடம் பெறுவது மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’. 1969 பிப்ரவரி 18ஆம் நாள் பதிவுசெய்யப்பட்ட இத்தட்டில் ஒரு பக்கத்திற்கு ஒன்றாக இரண்டே நீண்ட உருப்படிகள் உள்ளன. மின்சாரப் பியானோக்களும் ஆர்கனும் மின்கிதாரும் ஒருங்கே ஒலித்தும் இரைச்சல் என்பது மருந்துக்கும் இல்லை. பெயர்தரும் உருப்படியை இயற்றியவர் வியன்னாவிலிருந்து வந்த ஜோ ஜாவினுல். அவர் அதற்குப் பல சுரக்கூட்டங்களை அமைத்துக் கொணர்ந்திருந்தார். டேவிஸ் அவற்றைக் களைந்து, ஒரே ஆதார ஒலியின்மீது மெட்டை நிறுத்தினார். இங்கிலாந்திலிருந்து அம்மாதந்தான் நியூயார்க் வந்திருந்த ஜான் மெக்லாஃப்லின் என்னும் இளைஞர், கிதாரில் அம்மெட்டை முதன்முறை தொட்டுப் பார்ப்பவர் போலத் தயங்கித் தயங்கி மீட்டுகின்றார். சுருதி பழகிய தமிழ்ச் செவிக்கு இத்தட்டு அந்நியமாய் இராது.

நம் அளவுகோலில் இது எவ்வாறு நிற்கின்றது? பதிவின் பகுதிகளை வெட்டி ஒட்டி, தொடக்கத்தையே இறுதியிலும் மீண்டும் வைத்தவர் பதிவுப் பொறுப்பாளர் டியோ மசேரோ. பல்லவி திரும்பி வருவதுபோல் மெட்டு மீண்டு வரும்போது கேட்போர் உள்ளம் நிறைகின்றது. மின்கருவிகளை நீக்கினால் இவ்விசை இல்லை. ஜாஸின் மனோதர்மத்தை நீக்கினாலும் இல்லை. எனவே இது உறவு.

இதே டேவிஸ் 1972இல் வெளியிட்ட ‘ஆன் தி கார்னர்’ வேறு கதை. அதில் மின்சித்தாரும் தபலாவும் இடம்பெற்றன. தபலா வாசித்த பாதல் ராய், மேற்படிப்பிற்காக நியூயார்க் வந்து, இந்திய உணவகம் ஒன்றில் மாலைதோறும் வாசித்துக்கொண்டிருந்த வங்காளி. புலம்பெயர்ந்தோர் வாழ்வை அறிந்த நமக்கு அச்செய்தியே நெஞ்சைத் தொடுவதாகும். ஆயின் இசையைக் கேட்கும்போது நாம் கூற வேண்டியது வேறு. தபலா அங்கே தாள வாத்தியமாக இல்லை. அடர்ந்த ஒலிப்பின்னலில் ஒரு நிறமாகவே இருக்கின்றது. டேவிஸின் டிரம்பெட்டும் மின்னொலியால் உருமாறியுள்ளது உண்மையே. ஆனால் அது ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிதாரை நோக்கி மாறியதேயன்றித் தபலாவை நோக்கி மாறியதன்று. ஒருவர் தம் கருவியை எத்திசையில் மாற்றுகின்றாரோ, அத்திசையில்தான் அவர் செவி இருந்தது என்று அறியலாம். வெளிவந்த காலத்தில் விமர்சகரின் கடுஞ்சொல்லுக்கு ஆளாகிப் பின்னாளில் பெரிதும் போற்றப்பட்ட தட்டு இது. நகரத்துத் தெருவின் துடிப்பைக் கேட்க விழைவோர் இதனைக் கேட்கலாம். இந்திய இசைக்கு அதில் கிடைத்தது விருந்தாளியின் இருக்கையே என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

4. கணக்கும் கனலும்

மெக்லாஃப்லின் 1971இல் தமக்கென ஒரு குழுவை அமைத்தார். சின்மய் என்னும் குருவின் வழிநின்ற அவர், குரு வழங்கிய பெயரால் அதனை மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்று அழைத்தார். பனாமாவில் பிறந்த பில்லி காபம், பிராகிலிருந்து வந்த யான் ஹாமர், அயர்லாந்தின் ரிக் லேர்ட், சிகாகோவின் வயலின் கலைஞர் ஜெர்ரி குட்மன் என ஐவரும் ஐந்து ஊரினர். அவர்களின் முதல் தட்டான ‘தி இன்னர் மவுன்டிங் ஃபிளேம்’ அவ்வாண்டே வெளிவந்தது.

முதன்முறை கேட்போர்க்கு இத்தட்டு வெறும் பேரொலியாகத் தோன்றலாம். அவர்கட்கு நாம் கூறுவது: ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’ என்னும் உருப்படியைக் கையில் தாளம் போட்டுக் கேளுங்கள். அது இருபது மாத்திரைச் சுற்றில் அமைந்தது. முதலில் இருண்டதொரு மெட்டு அச்சுற்றில் சுழல்கின்றது. பின்னர் அதே சுற்றில் புளூஸ் நடை ஒன்று முற்றிலும் வேறான துள்ளலோடு புகுகின்றது. இறுதியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துகின்றன. ஒரே தாளத்தில் இருவேறு நடைகளை மறைத்து வைத்து, பின்னர் ஒருங்கே திறந்து காட்டும் இவ்வுத்தி, பல்லவியில் நடை மாற்றிக் காட்டும் வித்துவானின் நோக்கத்திற்கு மிக நெருங்கியது.

எனினும் குறையொன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. இக்குழுவின் இசையில் தாளத்தின் கணக்கு இந்தியாவை நோக்கிச் சாய்கின்றது. சுரத்தின் குழைவு அவ்வாறு சாயவில்லை. இக்குறையை நம்மினும் முன்னதாக உணர்ந்தவர் மெக்லாஃப்லினே. உணர்ந்ததோடு நில்லாமல் மாணவராயினார். அவரது அடுத்த பெருமுயற்சி அதன் விளைவே.

5. சக்தி

கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதன் அந்நாளில் இசை பயிற்றுவித்துவந்தார். பழந்தமிழிசை ஆராய்ச்சியில் தோய்ந்த அப்பெரியாரிடம், புகழின் உச்சியிலிருந்த மெக்லாஃப்லின் வீணை பயிலச் சென்றார். அப்பல்கலைக்கழகச் சூழலிலேயே வயலின் கலைஞர் எல். சங்கரும் மிருதங்க வித்துவான் ராம்நாட் ராகவனும் இருந்தனர். இவர்களோடு தபலாவுக்கு ஜாகிர் உசேனும் கடத்திற்கு விக்கு விநாயக்ராமும் சேரச் சக்தி என்னும் குழு பிறந்தது. 1975 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் அவர்கள் வாசித்ததன் பதிவே, அடுத்த ஆண்டு ‘சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்’ எனத் தட்டாக வந்தது. குழுவின் பெயர் முன்னும் புகழ்பெற்றவர் பெயர் பின்னும் நிற்கும் அத்தலைப்பே ஒரு கொள்கை விளக்கம் எனலாம்.

மின்கருவிகளை மெக்லாஃப்லின் துறந்தார். இக்குழுவிற்கென ஆபிரகாம் வெக்டர் என்னும் கைவினைஞர் அமைத்த கிதாரில், மெட்டுகளுக்கு இடையே உள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகம் காட்ட அது வழி செய்தது. வாசிக்கும் தந்திகளுக்குக் குறுக்கே சுருதித் தந்திகள் ஏழு பொருத்தப்பட்டன. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வயலினுக்கு நேர்ந்தது, ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கிதாருக்கு நேர்ந்தது. நாம் வகுத்த முதல் வினாவிற்கு இதனினும் தெளிவான விடை வேறில்லை.

மறு தரப்பும் மாறியது. கச்சேரியில் தனியாவர்த்தனத்திற்குக் காத்திருக்கும் கடம், இங்கே முதல் நொடியிலிருந்து உரையாடலில் பங்கு கொள்கின்றது. வடக்கின் தபலாவும் தெற்கின் மிருதங்கமும் ஒரே மேடையில் ஒன்றன் சொற்களை மற்றொன்று பயின்று வாசிக்கின்றன. இந்தியாவின் இருபெரும் இசை மரபுகள் இவ்வளவு நெருங்கி அமர்வதற்கு அமெரிக்கக் கல்லூரி மேடை ஒன்று தேவைப்பட்டது என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஆயினும் சக்தியையும் நாம் கண்மூடிப் புகழ்வதற்கில்லை. முதல் உருப்படியான ‘ஜாய்’ பதினெட்டு நிமிடங்கள் விரைந்தோடுகின்றது. கேள்வியும் விடையுமாக வயலினும் கிதாரும் தொடுக்கும் போட்டி வியப்பைத் தருகின்றது. ஆனால் வியப்பு விரைவில் பழகிவிடும். நாம் மீண்டும் மீண்டும் நாடிச் செல்வது ‘லோட்டஸ் ஃபீட்’ என்னும் சிறிய உருப்படியையே. அங்கே எவரும் எவரையும் வெல்ல முயலவில்லை. மேலும், தரை நகரும் ஜாஸின் கலை இத்தட்டில் ஏறத்தாழ இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மெக்லாஃப்லின் நம் வீட்டிற்குள் வந்தார். ஜாஸ் முழுமையாக வரவில்லை. இது குறையன்று, ஆயின் இதனை ஜாஸின்மீது நம் இசை பெற்ற வெற்றி என்று மேடைகளில் முழங்குவது பொருந்தாது. மாணவராக வந்தவரின் பணிவை நம் வெற்றியாக எழுதிக்கொள்வது நல்ல ஆசிரியர்க்கு அழகன்று.

‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ (1976), ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ (1977) ஆகிய தட்டுகளையும் கேட்கலாம். பல்லாண்டுகளுக்குப் பின் குழு மீண்டும் கூடியபோது, மின் மாண்டலினைத் தனித்தந்திகளால் திருத்திக்கொண்ட யு. ஸ்ரீநிவாஸ் அதில் இணைந்தார். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் தந்தையின் இடத்தை ஏற்றார். ஸ்ரீநிவாஸ் 2014இல் மறைந்தார். 2023இல் வெளிவந்த ‘திஸ் மொமென்ட்’ மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் மறைந்தார். ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த உறவு அது.

6. இந்தியா இல்லாத கலப்பு

ஃபியூஷன் என்றவுடன் அதில் நம் மிருதங்கம் எங்கே என்று தேடுவது நம் இயல்பு. அத்தேடலைச் சற்றே நிறுத்திவைத்துக் கேட்க வேண்டிய தட்டு ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ (1973). இதில் இந்தியா இல்லை. ஹான்காக், டேவிஸின் குழுவில் பயின்ற நுண்மையைத் தம் மக்கள் தெருவிலும் நடன அரங்கிலும் ஆடிக் களிக்கும் ஃபங்க் இசையோடு சேர்த்தார். பதினைந்து நிமிடத்திற்கும் மேல் நீளும் ‘கமீலியன்’ உருப்படியின் அடிநாதம், கேட்ட மாத்திரத்தில் உடலைப் பற்றிக்கொள்ளும். அயலாரைத் தேடிச் செல்லாமல், தன் வீட்டின் கூடத்தையும் தெருவையும் இணைத்த கலப்பு இது. சபை இசையும் நாட்டார் இசையும் தனித்தனியே நிற்கும் நம் சூழலுக்கு இதில் பாடம் உண்டு.

இத்தட்டில் நம்மை உறுத்தும் செய்தியும் ஒன்று உண்டு. 1962இல் தாமே இயற்றிய ‘வாட்டர்மெலன் மேன்’ பாட்டை ஹான்காக் இதில் புதுப்பித்தார். அதன் தொடக்கத்தில் பில் சம்மர்ஸ் என்னும் தாளக் கலைஞர் புட்டியை ஊதி எழுப்பும் ஒலி, நடு ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் பிக்மி மக்களின் குரலும் குழலும் மாறிமாறி ஒலிக்கும் இசையைப் பின்பற்றியது. தட்டு பெருமளவில் விற்றது. அக்காட்டு மக்களுக்கு அதனால் விளைந்தது என்ன என்னும் வினாவை ஆய்வாளர் பின்னாளில் எழுப்பினர். சக்தியில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மேடையில் அமர்ந்திருந்தனர். இங்கே கொடுத்தவர் மேடையில் இல்லை. தாம் கொடுத்ததையும் அறியார். கலப்பிசையின் அறம் இவ்விடத்தில்தான் தேர்வுக்கு உள்ளாகின்றது.

7. பெங்களூரும் கொலராடோவும்

இந்திய மண்ணில் வேர்விட்ட முயற்சி ஒன்றையும் சுட்ட வேண்டும். பெங்களூரில் 1964இல் தோன்றிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்னும் தாளவாத்தியப் பள்ளியின் மிருதங்க வித்துவான் டி.ஏ.எஸ். மணியும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியும், பாஸ்டனில் பிறந்த சாக்சஃபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் இணைந்து 1983இல் ‘ஜ்யோதி’ என்னும் தட்டைப் பதிவுசெய்தனர். மரியானோ நாகசுரம் பயின்றவர் என்பது நாம் மகிழ்வோடு குறிக்கத்தக்கது. இத்தட்டில் அவர் சாக்சஃபோனின் குரலைத் தாழ்த்தி, ரமாமணியின் குரலுக்கு இடம்விட்டு வாசிக்கின்றார். இரைச்சலும் போட்டியும் இல்லாத இத்தட்டைப் பரிந்துரைப்போர் குறைவு, கேட்டவர் மறப்பதில்லை.

அடுத்து வருவது புலம்பெயர்ந்தோரின் அடுத்த தலைமுறை. ருத்ரேஷ் மகந்தப்பா கன்னடப் பெற்றோர்க்குப் பிறந்து கொலராடோவில் வளர்ந்தவர். ஜாஸ் சாக்சஃபோன் பயின்றவர். மாணவப் பருவத்தில் அவர் தமையனார், இந்திய முறைச் சாக்சஃபோன் தட்டு ஒன்றை விளையாட்டாக அவருக்கு அளித்தார். அதில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். விளையாட்டு வினையாயிற்று. 2008இல் இருவரும் சேர்ந்து ‘கின்ஸ்மென்’ என்னும் தட்டை அளித்தனர். உறவினர் என்பதே அத்தலைப்பின் பொருள். வயலினில் ஏ. கன்யாகுமாரியும் மிருதங்கத்தில் பூவலூர் ஸ்ரீஜியும் உடனிருந்தனர். ஒரே வகைச் சாக்சஃபோன் இரண்டு. ஒன்று கமகத்தில் ஊறியது, மற்றொன்று ஜாஸின் கூர்மையில் தீட்டப்பட்டது. இங்கே டிரம்ஸும் பாஸும் தரையை நகர்த்தவும் செய்கின்றன. சக்தியில் நாம் கண்ட குறை இதில் பெருமளவு நீங்கியது என்பது நம் கருத்து.

நியூயார்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோர்க்கு 1971இல் பிறந்த விஜய் ஐயரின் ‘தீர்த்தா’ (2011) மற்றொரு வகை. பியானோவில் கமகம் இசைக்க இயலாது. அழுத்திய சுரம் அசையாது. ஆகவே அவர் கமகத்தைப் பொய்யாகப் புனையாமல், அப்பொறுப்பைப் பிரசன்னாவின் கிதாருக்கு விட்டு, நிதின் மித்தாவின் தபலாவோடு சேர்ந்து காலத்தையும் சுரக்கூட்டத்தையும் தாம் ஏற்றார். தன்னால் இயலாதது எது என்று அறிந்து, அதனை அறிந்தவர்க்கு இடம்விடுவதும் கலப்பிசையின் இலக்கணமே.

8. ஒரு மறுப்பு

ஃபியூஷன் என்பது இளைஞரின் பணப்பைக்காக ஜாஸ் தன்னை விற்ற கதை என்று கூறும் விமர்சகர் அன்றும் இருந்தனர்; இன்றும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 1970களின் பிற்பகுதியில் வந்த தட்டுகள் பலவற்றில் விரல்வேகமே விழுமியமாகிவிட்டது. சிக் கொரியாவின் குழு அளித்த ‘ரொமான்டிக் வாரியர்’ (1976) திறமையில் குறைவற்றது. ஆயின் கேட்டு முடித்தபின் நெஞ்சில் தங்குவது சிறிதே. அதற்கு அடுத்த ஆண்டு வந்த வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ தட்டும் பெருவாரியாக விற்றதே. எனினும் அதில் ஜாகோ பாஸ்டோரியஸ் மெட்டுகள் இல்லாத பாஸ் கிதாரைப் பாடவைத்த அழகு இன்றும் மங்கவில்லை. எனவே விற்றது என்பதனால் ஒன்று தாழ்வதும் இல்லை. விற்காமையால் உயர்வதும் இல்லை. வினாக்கள் நாம் முன்னர் வகுத்த இரண்டே.

9. முடிவுரை

புதிதாகக் கேட்கப் புகும் குடும்பத்தார்க்கு நாம் கூறும் வரிசை இது: முகவுரையாகக் ‘கைண்ட் ஆஃப் புளூ’, பின்னர் ‘இன் எ சைலன்ட் வே’, ‘சக்தி’, ‘ஜ்யோதி’, ‘ஹெட் ஹன்டர்ஸ்’, ‘கின்ஸ்மென்’. செவி பழகியபின் ‘தி இன்னர் மவுன்டிங் ஃபிளேம்’. முன்னர் அரிதாகக் கிடைத்த இத்தட்டுகளை இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம். ஆயின் தனித்தனிச் செவிக்கருவிகளில் அல்ல; கூடத்தில், அனைவரும் அமர்ந்திருக்க, ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று கேட்பது நலம். கரகரப்பிரியாவின் சுரங்களைப் பாட்டியார் காட்டட்டும். தரை நகரும் இடத்தைப் பேரப்பிள்ளை காட்டட்டும்.

கலந்தால் கரைந்துவிடுவோமோ என்னும் அச்சம் பிறமொழி மண்ணில் வாழும் நமக்கு இயல்பானது. இத்தட்டுகள் அவ்வச்சத்திற்கு எளிய ஆறுதல் எதனையும் கூறவில்லை. கலப்பில் கரைந்தோரும் உண்டு. நிறமாக மட்டும் நின்றோரும் உண்டு. உறவாகி நிலைத்தோர் யாரெனில், தம் மரபை ஆழக் கற்றபின் பிறர் முன் மாணவராக அமர்ந்தவரே. ராமநாதன் முன் மெக்லாஃப்லின் அமர்ந்தார். ஐரோப்பியர் முன் பாலுசுவாமி தீட்சிதர் அமர்ந்தார். நம் பிள்ளைகள் கிதாரோ சாக்சஃபோனோ கையிலெடுப்பின் நாம் அஞ்ச வேண்டுவதில்லை. அவர்கள் முதலில் எதனை ஆழக் கற்றிருக்கின்றனர் என்று மட்டும் கேட்போம். அவ்வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு, அவர்களினும் நமக்கே மிகுதி.